டீசலுக்கு ஒரு தராசு, நிலக்கரிக்கு ஒரு தராசா?

மத்திய நிதியமைச்சகத்தில் வரி வகுக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். வேலூரில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான். டீசல் விலையைக் குறையுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. அப்படிக் கேட்டுக் கேட்டு எங்கள் ஊர் வண்டிக்காரர்களுக்கே அலுத்துப்போய்விட்டது. நான் கேட்பது கணக்கு மட்டும்தான்.

சமீபத்தில் இங்கே வியாபாரிகளைக் கூப்பிட்டுப் பருவநிலை மாற்றம் பற்றி ஒரு கூட்டம் போட்டார்கள். பேச வந்தவர் நன்றாகத்தான் பேசினார். வேலூர்க்காரனுக்கு வெயிலைப் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை என்றாலும், பொறுமையாகக் கேட்டோம். கேள்வி நேரத்தில் ஒரு மினி லாரிக்காரர் எழுந்தார். 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது எங்களுக்கு ஏன் ஒரு பைசாகூடக் குறையவில்லை, கலால் வரியில் லிட்டருக்கு 2 ரூபாய் ஏற்றி அந்த லாபத்தை அரசே எடுத்துக்கொண்டதே என்று கேட்டார். மேடையில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "எரிபொருள் விலை உயரத்தில் இருந்தால்தான் புகை குறையும். அதையும் ஒரு கார்பன் வரி என்று எடுத்துக்கொள்ளுங்களேன்" என்றார். முன்வரிசையில் கைதட்டல் வேறு.

கார்பன் வரி என்றால் எரிபொருள் எரிந்து வெளியேறும் கரியமில வாயுவுக்கு வாங்கும் வரி. சரி, அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எடுத்துக்கொண்டால் கணக்குப் பார்க்க வேண்டுமே.

அந்த ஏப்ரல் உயர்வுக்குப் பிறகு ஒரு லிட்டர் டீசலில் நீங்கள் வாங்கிய வரி 17.80 ரூபாய். அதில் அடிப்படைக் கலால் 1.80, வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 4, சாலை செஸ் 2, மீதி 10 ரூபாய் சிறப்புக் கூடுதல் கலால் தீர்வை. செஸ் என்பது ஒரு குறிப்பிட்ட காரியத்தின் பேரில் தனியாக வாங்கும் வரி. மாநிலங்களோடு பங்கு பிரிக்க வேண்டியது அந்த 1.80 மட்டும். சுற்றுச்சூழல், பருவநிலை, கார்பன் என்று எந்தத் தலைப்பிலும் ஒரு காசு இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.

தலைப்பு கிடக்கட்டும், தொகையைப் பார்ப்போம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும். அப்படியானால் ஒரு டன் கரியமில வாயுவுக்கு டீசல்காரன் அப்போது கட்டியது சுமார் 6,600 ரூபாய். இப்போது நிலக்கரிக்கு வருவோம். நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்கு அதிலிருந்துதான் வருகிறது. 2010-ல் டன்னுக்கு 50 ரூபாய் என்று தூய்மை எரிசக்தி செஸ் போட்டீர்கள். 2016-க்குள் அது படிப்படியாக 400 ரூபாய் ஆனது. நம் ஊர் நிலக்கரி ஒரு டன் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை டன் கரியமில வாயு வரும். அந்த உச்சத்திலும் ஒரு டன் வாயுவுக்கு அந்த செஸ் 270 ரூபாயைத் தொடவில்லை. அதே வாயு, அதே வானம். ஆனால் மூட்டை ஏற்றி வரும் வண்டி கொடுத்தது, அனல் மின் நிலையம் அந்த உச்சத்தில் கொடுத்ததைப் போல ஏறக்குறைய 25 மடங்கு.

டீசல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது, ஆகவே கலால் வரியில் பெரும்பகுதி அரசின் பொது வருமானத்துக்கானது என்று நீங்கள் பதில் சொல்லலாம். அது நியாயமான பதில்தான். அப்படியானால் அதற்குக் கார்பன் வரி என்று பெயர் சூட்ட வேண்டாம் என்று உங்கள் சார்பில் மேடை ஏறுகிறவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது நிலக்கரிக்கான அந்த 400 ரூபாயும், ஜிஎஸ்டியால் மாநிலங்களுக்குக் குறையும் வருமானத்தை ஈடுகட்டும் இழப்பீட்டு செஸ் ஆகிவிட்டது. அதுவரை வசூலான சுமார் 86,000 கோடியில் தூய்மை எரிசக்தி நிதியத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். போனதிலும் பாதிக்குச் சற்று மேல்தான் திட்டங்களுக்குச் செலவானது. எங்கள் மண்டியில் இப்படி ஒரு பேரேடு எழுதியிருந்தால் முதலாளி அன்றைக்கே சாவியை வாங்கியிருப்பார்.

2025 செப்டம்பரில் அந்த இழப்பீட்டு செஸ்ஸையும் எடுத்துவிட்டு, நிலக்கரிக்கான ஜிஎஸ்டியை 5-லிருந்து 18 சதவீதம் ஆக்கினீர்கள். கேட்க வரி கூடினது போல இருக்கிறது. டன் 1,000 ரூபாய் விலையுள்ள மட்டமான நிலக்கரியை வைத்துப் போட்டுப் பாருங்கள். முன்பு ஜிஎஸ்டி 50, செஸ் 400, ஆக 450. இப்போது 180. விலை மலிந்த, சாம்பல் மிகுந்த சரக்குக்குத்தான் பெரிய சலுகை. அந்த மேடையில் இதைப் பற்றி மூச்சே இல்லை.

இதெல்லாம் தாளில் இருக்கிற கணக்கு. நான் தினமும் எழுதுகிற சீட்டு ஒன்றைக் காட்டுகிறேன். இலவம்பாடிப் பக்கத்திலிருந்து முள்ளுக் கத்திரிக்காய் வருகிறது. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்து ஊரே பெருமைப்பட்ட அதே கத்திரிக்காய். வரத்து கூடினால் விலை படுத்துவிடும். அப்படி ஒரு நாள் சீட்டு இது: 40 கிலோ மூட்டை, கிலோ 8 ரூபாய், 320. கமிஷன் 32. இறக்குகூலி 15. வண்டி வாடகை 70. கையில் 203. பறிக்க வந்த ஆளுக்குக் கூலி, மருந்து, சாக்கு எல்லாம் இந்த 203-க்குள் அடங்க வேண்டும்.

கத்திரிக்காய் கொண்டுவந்த பெரியவர் சீட்டை வாங்கிக்கொண்டு போகவில்லை. "இன்னா கணக்குப்பிள்ளை, வண்டிக்கு எழுபதா?" என்றார். வண்டிக்காரன் பையிலிருந்து பங்க் பில்லை எடுத்து மேஜையில் வைத்தான். "நீங்களே பாருங்கணா, இதுல எனக்கு இன்னா மிச்சம்?" என்று என்னைக் கேட்டான். இரண்டு பேர் சொல்வதும் சரி. நான் தலையைக் குனிந்து அடுத்த சீட்டை எழுதினேன். வேறு என்ன செய்ய? கிலோ 40 போகிற நாளிலும் வாடகை 70-தான், அன்றைக்கு யாரும் கேட்பதில்லை. விலை விழுகிற நாளில்தான் டீசல் வரி விவசாயியின் பங்கிலிருந்து போகிறது. லிட்டருக்கு 4 ரூபாய் வேளாண் உள்கட்டமைப்பு செஸ் கட்டுவதும் அந்தப் பெரியவர்தான்.

விலை ஏறினால் உபயோகம் குறையும் என்பது உங்கள் பாடம். குறைக்க வழி இருந்தால் குறையும். முன்பெல்லாம் அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் பஸ் டாப்பில் மூட்டை போட்டு வருவார்கள். இப்போது வருகிற பஸ்களில் டாப் கேரியரே கிடையாது. உள்ளே மூட்டை ஏற்றினால் கண்டக்டருக்குக் கோபம் வருகிறது, அவரையும் குறை சொல்ல முடியாது. பேட்டரியில் ஓடும் சரக்கு வண்டி நல்லதுதான், அதன் விலையைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் திரும்பப் போகவில்லை. கத்திரிக்காய் நடந்தா வரும்?

புகைக்கு வரி வாங்குவதை உலகத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2008-ல் கார்பன் வரி போட்டபோது, நிலக்கரி, டீசல், எரிவாயு எல்லாவற்றையும் ஒரே தராசில், வெளியேறும் வாயுவின் எடைக்கு எடை வைத்தது. வந்த பணத்துக்கு ஈடாக வருமான வரியைக் குறைத்தது, வசதியில்லாதவர்களுக்குத் தனியாகப் பணம் கொடுத்தது. ஸ்விட்சர்லாந்தில் வீடு சூடேற்றும் எரிபொருள் மீதான கார்பன் வரியில் பெரும்பகுதியை மக்களுக்கும் தொழில்களுக்கும் திருப்புகிறார்கள். மக்களின் பங்கு தலைக்கு இவ்வளவு என்று மருத்துவக் காப்பீட்டுத் தவணையில் கழிகிறது. பிரான்சில் 2018-ல் வரியை ஏற்ற மட்டும் பார்த்தார்கள், மஞ்சள் சட்டை போட்ட போராட்டக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள், ஏற்றம் நின்றது. திருப்பிக் கொடுத்தாலும் எல்லாம் சுலபம் என்று சொல்லமாட்டேன். கனடாவிலேயே பொதுமக்கள் மீதான கார்பன் வரி 2025 ஏப்ரலோடு எடுக்கப்பட்டுவிட்டது. பணம் திரும்பி வந்தது பலருக்குத் தெரியவே இல்லையாம். கணக்கைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்ட வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. டீசலில் சாலை செஸ் வாங்கிய பிறகு பள்ளிகொண்டாவில் எதற்கு டோல்? மாநில அரசும் சும்மா இல்லை, டீசலுக்கு 11 சதவீதத்தோடு லிட்டருக்கு 9.62 ரூபாய் வாட் வாங்குகிறது. முதல்வருக்கு ஒரு மடல், நெடுஞ்சாலைக்கு ஒரு மடல் என்று எழுத ஆரம்பித்தால் மண்டிக் கணக்கை யார் எழுதுவது? அது போகட்டும். உங்களிடம் கேட்க வந்ததை மரியாதையாகக் கேட்டுவிடுகிறேன்.

புகைக்கு வரி வேண்டும் என்றால் வாங்குங்கள், நான் எதிரி இல்லை. டீசல், நிலக்கரி இரண்டையும் ஒரே தராசில் வையுங்கள். நிலக்கரி வரி ஏறினால் என் கரண்ட் பில்லும் ஏறும் என்பது தெரிந்துதான் சொல்கிறேன். அந்தப் பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வங்கிக் கணக்கில் போடுங்கள். எரிவாயு மானியம் போட்ட அதே கணக்கு எல்லோரிடமும் இருக்கிறது. ஒரு பகுதியை மூட்டை ஏற்றி வரக்கூடிய கிராமத்து பஸ்களுக்குக் கொடுங்கள். அடுத்த பட்ஜெட்டோடு ஒரே ஒரு பக்கம் போதும்: புகையின் பேரில் வசூல் இவ்வளவு, திருப்பியது இவ்வளவு, கையில் இருப்பு இவ்வளவு. தமிழில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எண்கள் புரியும்.

அந்தப் பக்கம் வெளிவரும் வரை, டீசல் விலைக்குப் பருவநிலையைக் காரணம் காட்ட வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மண்டிக் கணக்குப்பிள்ளை,
வேலூர்.