‘மீட்பு’ என்ற சொல் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1947 பிரிவினையைப் பற்றிய புனைகதைகள் குறித்துத் தங்கள் இதழில் சென்ற மாதம் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். பஞ்சாபும் வங்காளமும் பட்ட பாட்டைத் தமிழ் வாசகருக்கு இத்தனை விரிவாக எடுத்துச் சொல்வோர் குறைவு என்பதால் முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆயினும் கட்டுரை நெடுகிலும் கலவரமும் தீயும் ரயில் பெட்டிகளுமே பேசப்பட்டு, பெண்கள் வருகிற இடமெல்லாம் ‘கடத்தப்பட்டனர், பின்னர் மீட்கப்பட்டனர்’ என்ற ஒற்றை வரியோடு முடிந்துபோனது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த வரி முடிகிற இடத்தில்தான் அக்காலத்தின் மிகச் சிறந்த கதைகள் சில தொடங்குகின்றன.

அடகு வைத்த நகையை மீட்கிறோம். ஒத்திக்கு விட்ட நிலத்தை மீட்கிறோம். வெட்சியார் கவர்ந்துபோன ஆநிரையைக் கரந்தையார் மீட்டதாகப் பழம்பாடல்கள் பேசுகின்றன. மீட்கப்படுவதன் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. கடத்தப்பட்டோரை மீட்டு ஒப்படைப்பதற்காக இந்தியா 1949-ல் இயற்றிய சட்டமும் அப்படித்தான் அமைந்திருந்தது. 1947 மார்ச் 1-க்குப் பின் தன் குடும்பத்தைப் பிரிந்து வேறொருவர் வீட்டில் வாழும் முஸ்லிம் பெண், எந்த வயதினராயினும், கடத்தப்பட்டவராகவே கொள்ளப்பட்டார். ஐயம் எழுந்தால் தீர்ப்பாயம் முடிவு செய்தது. ‘நான் இங்கேயே இருக்கிறேன்’ என்று அவரே சொன்னாலும் அந்தச் சொல் அவரைக் காக்கவில்லை. இரு பக்கமும் சேர்த்துக் கடத்தப்பட்ட பெண்கள் சுமார் 75,000 பேர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அவர்களில் உண்மையிலேயே நரகத்திலிருந்து வெளியே வந்தவர்கள் ஏராளம். இந்த மீட்புப் பணியை முன்னின்று நடத்திய மிருதுளா சாராபாயும் அவரோடு அலைந்த பெண்களும் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பெற்ற குழந்தையை விட்டுவிட்டு வண்டி ஏறியவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

ராஜிந்தர் சிங் பேடி உருதுவில் எழுதிய ‘லாஜ்வந்தி’ கதையைக் கட்டுரையாளர் ஒரு வரியில் கடந்துவிட்டார். லாஜ்வந்தி என்பது நம் தொட்டாற்சிணுங்கிதான். கடத்தப்பட்டுத் திரும்பும் பெண்களை வீட்டில் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஊரெல்லாம் ஊர்வலம் நடத்துகிற சுந்தர்லாலுக்குக் காணாமற்போன தன் மனைவி லாஜ்வந்தியே ஒருநாள் திரும்பக் கிடைக்கிறாள். முன்பெல்லாம் அவளைக் கைநீட்டி அடித்தவன், இப்போது ‘தேவி’ என்று அழைக்கிறான். நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட அவள் வாயெடுக்கும்போது, போனது போகட்டும் என்று தடுத்துவிடுகிறான். கேரட்டுக்குச் சண்டைபோட்டு முள்ளங்கிக்குச் சமாதானமாகும் பழைய லாஜோவாக இனித் தான் ஆகவே முடியாது என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது. அடியைவிட இந்த மரியாதை அவளை அதிகமாக ஒடுக்குகிறது. கலவரக் காட்சி எதையும் நேரே காட்டாமலே பேடி இதை எழுதியிருக்கிறார். நான் எத்தனை முறை படித்தும் அந்தக் கடைசிப் பக்கத்தில் சற்று நேரம் நின்றுவிடுகிறேன்.

வங்காளத்தில் ஜோதிர்மயி தேவி எழுதிய ‘ஏபார் கங்கா ஓபார் கங்கா’ இன்னும் நெருக்கமாக நம் வீடுகளுக்குள் வருகிறது. 1946 நவகாளிக் கலவரத்தில் குடும்பத்தை இழக்கும் சுதாராவை அண்டை முஸ்லிம் குடும்பம் மாதக்கணக்கில் பெற்ற மகள்போலப் பேணுகிறது. கல்கத்தாவில் உறவினர் வீட்டுக்கு வந்த பிறகுதான், அவள் தொட்டால் தீட்டு என்று ஆகிறது. அவளைத் தொலைவில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். வளர்ந்து அவள் டெல்லியில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியை ஆகிறாள் என்பதைப் படித்தபோது, முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்திய எனக்குத் தலைகுனிவாக இருந்தது. இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரித்த ராட்கிளிஃப் எல்லைக்கோட்டினை வரைபடத்தில் குறிக்கச் சொல்லி நான் மதிப்பெண் போட்டிருக்கிறேன். சுதாராக்களைப் பற்றி ஒரு வகுப்பிலும் பேசியதில்லை.

நம் புதுமைப்பித்தன் பிரிவினைக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே எழுதிய ‘சாபவிமோசனம்’ இங்கே நினைவுக்கு வராமல் இருக்காது. சீதை தீக்குளிக்க நேர்ந்ததைக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிப் போனாள். லாஜ்வந்தி கதையிலும் சீதையைப் பற்றிய வாக்குவாதம் வருகிறது. அம்ரிதா பிரீதமின் ‘பிஞ்சர்’ நாவலில் பூரோ, கடத்தியவனிடமிருந்து தப்பி நள்ளிரவில் பெற்றோரின் வாசலுக்கு வந்தும் திருப்பி அனுப்பப்படுகிறாள். பின்னாளில் எல்லையைக் கடந்து போகும் வாய்ப்பு வரும்போது, தம்பி மனைவியை அனுப்பிவைத்துவிட்டுத் தான் மட்டும் பாகிஸ்தானிலேயே தங்கிவிடுகிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண்ணின் துயரம் என்றாலே உடல்மீது நிகழ்ந்த வன்முறை மட்டும் என்று கட்டுரை எடுத்துக்கொண்டிருக்கிறது. கிருஷ்ணா சோப்தி 1948-ல் எழுதிய ‘சிக்கா பதல் கயா’ கதையில் வரும் முதிய ஷாஹ்னியை யாரும் தொடுவதில்லை. செனாப் ஆற்றங்கரையில் வாழ்ந்த வீட்டை விட்டு, பொன்னோ வெள்ளியோ எடுத்துக்கொள்ள மறுத்து, அவள் லாரியில் ஏறுகிறாள். தாயில்லாப் பிள்ளையாக அவள் கையில் வளர்ந்து, அவளையே கொல்ல எண்ணியிருந்தவனும் அங்கே நிற்கிறான். இடம்பெயர்வு என்ற சொல்லுக்கு இதைவிடத் துல்லியமான காட்சியை நான் படித்ததில்லை.

கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஜோதிர்மயி தேவிக்கும் சோப்திக்கும் தனியே பக்கங்கள் ஒதுக்குமாறும், இயன்றால் ‘லாஜ்வந்தி’யை உரிய அனுமதியோடு உருதுவிலிருந்து நேரடியாகத் தமிழாக்கி வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர்,
கும்பகோணம்.