போர்ட் வெல்ட் ஸ்டேஷன் பலகையில் நம் எழுத்து: நன்கொடை வேண்டுகோள்

தைப்பிங், கோலா செப்பத்தாங் வட்டார உறவுகளுக்கு வணக்கம்.

மலாயாவின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1-ஆம் தேதி திறக்கப்பட்டது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட்வரை, அதாவது இன்றைய கோலா செப்பத்தாங்வரை, எட்டே மைல். லாருட் வட்டாரத்து ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுசேர்க்கப் போட்ட பாதை அது. சேறும் சதுப்புக்காடுமான அந்தக் கரையில் தண்டவாளம் போட இலங்கையிலிருந்து பயனியர் படை என்ற பணியாளர் படையினரை வரவழைத்தார்கள். அப்புறம் மலாயா ரயில்வே வளர வளர, தண்டவாள வேலைக்குத் தமிழகத்திலிருந்து வந்தார்கள், ஸ்டேஷன் மாஸ்டராகவும் கிராணியாகவும் (எழுத்தர்) யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். நம்மில் பலருடைய தாத்தாக்கள் அவர்கள்தான்.

1903-இல் பினாங்குத் தீவுக்கு எதிரே உள்ள பிறையிலிருந்து சிரம்பான்வரை பாதை இணைந்தது. இந்தச் சின்னத் துறைமுகத்தின் மவுசு குறைந்தது. இன்று அங்கே ரயில் இல்லை, தண்டவாளம் இல்லை. டிக்கெட் கவுன்டரும் பெயர்ப்பலகையும்தான் மிச்சம்.

அந்தப் பலகைக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஒரே ஊர்ப்பெயர், ஆங்கிலம், ஜாவி (மலாய் மொழியை எழுதும் அரபு எழுத்து), சீனம், தமிழ் என்று நாலு எழுத்தில். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஓர் அம்மா, கையில் பிள்ளையோடு, யாரையும் கேட்காமல் இறங்க வேண்டிய இடத்தைத் தெரிந்துகொண்டிருப்பார். எங்களுக்கு அது வெறும் பலகையாகத் தெரியவில்லை. ஆனால் படம் எடுத்துப் போகும் பிள்ளைகளுக்கு, அங்கே தமிழ் ஏன் இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை.

அதற்காகத்தான் இந்த முயற்சி. ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெரியவர்களின் பேச்சை முதலில் பதிவு செய்யப்போகிறோம். அவர்களுக்கு வயதாகிவிட்டது, இது காத்திருக்காது. பிறகு பழைய படங்களுடன் ஒரு சிறு நூல். உரிய அனுமதி கிடைத்ததும் நிலையத்தருகே தமிழிலும் மலாயிலும் ஒரு விளக்கப் பலகை. பெயர்ப்பலகையில் நாங்கள் கைவைக்க மாட்டோம், அது இருக்கிறபடியே இருக்கட்டும்.

பத்து ரிங்கிட் கொடுத்தாலும் பெரிய உதவிதான். பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவைக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் வாசிப்போம்.

வீட்டுப் பரணில் பழைய அட்டை டிக்கெட், கைவிளக்கு, சீருடைப் பொத்தான் ஏதாவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சொல்லியனுப்புங்கள், வந்து படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
குழுவினர்