ஏப்ரல் லீவுக்கு ஊர் வரும் தம்பி தங்கச்சிமாருக்கு

கொழும்பில் கடையிலும் வீட்டிலும் ஹோட்டலிலும் நின்று உழைத்துவிட்டு சித்திரைப் புத்தாண்டுக்கு மலையேறி வரும் தம்பிமாரே, தங்கச்சிமாரே,

நானும் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் 11 வருஷம் நின்றவள்தான். இப்போது தலவாக்கலைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டேன். உங்களுக்கு இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். லீவு என்றால் வேன் பிடிக்க வேண்டும், வேன் பிடிக்கக் கடன் வாங்க வேண்டும் என்கிற பழக்கத்தை இந்த வருஷத்தோடு விட்டுவிடுங்கள்.

நானும் அப்படிச் செய்தவள்தான். ஒரு ஏப்ரலில் எங்கள் லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீட்டில், மூன்று குடும்பம் சேர்ந்து நுவரெலியா சீசன் பார்க்கப் போனோம். என் பங்கில் பாதி வட்டிக்கு வாங்கிய காசு. நானுஓயா தாண்டியதும் வாகனங்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றுவிட்டன, பிள்ளைகள் பசியில் அழுதார்கள், வேன் பயணம் ஒத்துக்கொள்ளாத அம்மா வழியெல்லாம் வாந்தி எடுத்தார், கிரகரி வாவிக் கரைக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. படகில் ஏறவும் இல்லை, மலர்க் கண்காட்சிக்குள் போகவும் இல்லை. அந்தக் கடனை நான் ஆவணி வரைக்கும் கட்டினேன்.

அடுத்த வருஷம் கையில் ஒன்றும் இல்லை. புத்தாண்டுக்கு மறுநாள் காலையில் அம்மாவிடம், சும்மா உச்சி வரைக்கும் ஏறிப் பார்த்துவிட்டு வருவோமா என்று கேட்டேன். எங்கள் லயத்துக்குப் பின்னால் தேயிலை முடிகிற இடத்துக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அந்தப் பாறைக்குக் கீழே 34 வருஷம் கொழுந்து எடுத்தவர் அம்மா, ஆனால் ஒருநாளும் அதன் மேலே ஏறினதில்லை. எதற்காக ஏறுவார்? அங்கே கொழுந்து இல்லையே. ரொட்டியும் கட்டச்சம்பலும் ஒரு போத்தல் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு ஆறரைக்கு நடந்தோம், ஒன்றேகால் மணி நேரத்தில் மேலே இருந்தோம். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் விரலை நீட்டி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அது ஏழாம் நம்பர் மலை, அங்கேதான் எனக்குக் குளவி கொட்டினது. அது நாலாம் நம்பர், ஒங்க அப்பா கவ்வாத்து வெட்டிக்கிட்டு இருக்கறப்ப நீ பொறந்த சேதி போச்சு. தேயில ஸ்டோரப் பாரேன், தீப்பெட்டி மாதிரி கெடக்கு. இரண்டு மணி நேரம் அப்படியே பேசினார். என் வாழ்நாளில் அம்மா தன்னைப் பற்றி அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

நம் பேச்சில் ‘மலைக்குப் போறேன்’ என்றால் வேலைக்குப் போகிறேன் என்றுதான் அர்த்தம். உலகத்தில் எங்கெங்கோ இருந்து ஆட்கள் இந்த மலையைப் பார்க்க வருகிறார்கள், நாமோ வேலைக்குப் பேர் போடாத நாளில் மலைப்பக்கம் திரும்புவதில்லை. வயது வந்தவர்கள் வேலை இல்லாமல் நடந்தால், அதிலும் பெண் பிள்ளைகள் நடந்தால், ‘என்ன சும்மா சுத்துது’ என்று இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கேட்கட்டும். 2023இல், நம்மவர்கள் மலையகத்துக்கு வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து, மலையகம் 200 என்று நம்மவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்களே, நம் பூட்டன் பூட்டி நடந்த அந்த வழியை நினைத்துத்தான் நடந்தார்கள். அத்தனை தூரம் பிழைப்புக்காக நடந்தவர்களின் பிள்ளைகள் நாம் ஒரு காலையில் நம் சந்தோஷத்துக்காக நடப்பது தப்பில்லை.

சரி, எங்கே போகலாம் என்று கேட்பீர்கள். ஏப்ரலில் பின்னேரம் இடியும் மழையும் வரும், எதுவானாலும் விடியற்காலையில் புறப்பட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். சிவனொளிபாதமலைப் பருவம் வெசாக் பௌர்ணமி வரைக்கும் இருக்கிறது, ஏறுவதற்கு டிக்கட் கிடையாது. மஸ்கெலியாவுக்குப் போய் அங்கிருந்து நல்லதண்ணிக்குப் பஸ் எடுத்து, இராத்திரியில் படியேறினால் விடியும்போது உச்சியில் இருக்கலாம். சூரியன் எழும்பியதும் எல்லாரும் கிழக்கையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் மேற்குப் பக்கமும் போய்ப் பாருங்கள், மலையின் நிழல் முக்கோணமாகப் பனிமூட்டத்தின் மேல் விழுந்திருக்கும். போகிற வழியில் மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றியிருந்தால், மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா டவுனின் கோயில் வெளியே தெரியும். சேற்றில் இறங்காமல் கரையில் நின்று பார்ப்பதே போதும், வயதானவர்களைக் கூட்டிப் போனால் கதையும் கேட்கலாம்.

ஹப்புத்தளைப் பக்கத்துப் பிள்ளைகள் தம்பேதன்னைக்கு முதல் பஸ்ஸில் போய், 1890இல் கட்டிய அந்தத் தேயிலை ஸ்டோரைத் தாண்டித் தேயிலைக்குள்ளேயே ஏழு கிலோமீற்றர் நடந்தால் லிப்டன்ஸ் சீட் என்கிற உச்சி. பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள், பிறகு மூடுபனி எல்லாவற்றையும் மறைத்துவிடும். நுவரெலியாதான் வேண்டும் என்றால் டவுனில் நெரிபடாமல் வெலிமடை பஸ்ஸில் ஏறி சீதாஎலியவில் அம்மன் கோயிலைக் கும்பிட்டுவிட்டு, நடந்தே ஹக்கலைப் பூங்காவுக்குப் போகலாம். 1861இல் கொய்னா மருந்துக்காகச் சிங்கோனா மரம் பயிரிடத் தொடங்கிய தோட்டம் அது, இப்போது ரோஜாத் தோட்டமே ஒரு நாளுக்குக் காணும். நம்மவர்களுக்கு டிக்கட் பெரிய விலையும் இல்லை.

ஏப்ரலில் லீவு கிடைக்காதவர்கள் ஆகஸ்டில் வந்தால் ஹற்றன், தலவாக்கலைப் பக்கம் மழையில் நனைந்துகொண்டு இருக்கும். அதே நேரத்தில் மலைக்கு அந்தப் பக்கம் பண்டாரவளை, ஹாலிஎல, வெலிமடையில் நல்ல வெயில் இருக்கும். அங்கே ஒரு சித்தி, ஒரு மாமா இல்லாத குடும்பம் நம்மிடம் ஏது? தங்கிப் பார்த்து வாருங்கள்.

தோட்டத்துத் திருவிழாக்களையும் விட்டுவிடாதீர்கள். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியதிலிருந்து மஞ்சள் நீராட்டு வரைக்கும் தப்பு மேளச் சத்தத்தோடு கரகமும் காவடியும் ஊரையே சுற்றும், யாரும் டிக்கட் கேட்பதில்லை. வெசாக்கில் டவுனுக்கு இறங்கினால் வெளிச்சக்கூடு பார்க்கலாம், தன்சல் என்கிற அன்னதானத்தில் வயிறாரச் சாப்பிடலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தெரியாத ஆற்றில், நீர்வீழ்ச்சிக்குக் கீழே, நீர்த்தேக்கத்தில் குளிக்க இறங்காதீர்கள். சென்கிளேயர், டெவோன் நீர்வீழ்ச்சிகளை ரோட்டோரத்தில் நின்று ஆசை தீரப் பாருங்கள். மேலே மழை பெய்து நீர்த்தேக்கத்தின் வான்கதவு திறந்தால் கீழே வெயிலில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, ஒவ்வொரு லீவிலும் எங்கேயோ ஒரு வீட்டில் இழவு விழுகிறது.

இந்த முறை வரும்போது அம்மாவுக்குச் சேலை எடுக்க வேண்டாம், அலமாரியில் மடித்து வைத்துவிடுவார். கால் அளவைக் கேட்டு நல்ல பிடிப்புள்ள சப்பாத்து ஒரு ஜோடி வாங்கி வாருங்கள். என் அம்மா அன்றைக்கு அந்தப் பாறைக்கு ரப்பர் செருப்போடு ஏறினார், இறங்கும்போது இரண்டு இடத்தில் வழுக்கி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்புடன்,
உங்கள் அக்கா ஒருத்தி