அந்தப் பிள்ளையின் இனம் பற்றி மகளுக்கு

திருகோணமலை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

போனில் நீ கேட்டதற்கு இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று வயது ஆண் பிள்ளை. தாய்வழி கானா, பிறந்தது லண்டனில். தத்தெடுக்க உங்கள் இருவரையும் கேட்டிருக்கிறார்கள். மருமகன் தமிழ்ப் பிள்ளை கிடைக்கும்வரை பொறுப்போம் என்கிறார். நீயோ, பிள்ளை என்றால் பிள்ளைதானே, இதில் இனம் எங்கே வந்தது என்கிறாய். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

மருமகன் பொறுக்கலாம், அந்தப் பிள்ளையால் பொறுக்க முடியாதே. நீங்கள் இருக்கிற பிரித்தானியாவிலேயே இது நடந்திருக்கிறது. தத்துக் கொடுக்கும்போது இனம், மதம், பண்பாடு, மொழி எல்லாவற்றையும் கவனத்தில் எடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. நல்ல நோக்கம்தான். ஆனால் கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகளைவிட நீண்ட காலம் வீடில்லாமல் காத்திருந்தார்கள். இனப் பொருத்தம் தேடுவதும் அதற்கு ஒரு காரணம் என்று சொல்லி, 2014இல் இங்கிலாந்துக்கு மட்டும் அந்த வரியை அரசாங்கம் எடுத்துவிட்டது. வேல்ஸில் விட்டுவைத்தார்கள். எடுத்த பிறகும் பழக்கம் போகவில்லை. பெர்க்ஷயர் பக்கத்தில் ஒரு சீக்கியத் தம்பதிக்கு, இங்கே இருப்பதெல்லாம் வெள்ளைப் பிள்ளைகள், நீங்கள் இந்திய வம்சாவளி என்று சொல்லி வழியை மறித்திருக்கிறார்கள். அது பாகுபாடு என்று 2019இல் ஒக்ஸ்ஃபோர்ட் நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்டஈடும் கொடுக்க வைத்தது.

இனி நீ சொல்வதற்கு வருகிறேன். 1980களில் நம் நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் கைக்குழந்தைகளை நெதர்லாந்து, சுவிஸ், சுவீடன் என்று அனுப்பினார்கள். போலிப் பத்திரங்கள், தாயாக நடிக்க வந்த பெண்கள் என்று எல்லாம் பிறகு வெளியே வந்தது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, இன்று பெற்ற தாயைத் தேடி இங்கே வந்து போகிறார்கள். வளர்த்தவர்கள் பாசமாகத்தான் வளர்த்திருப்பார்கள். ஆனால் எங்கிருந்து வந்தேன் என்ற கேள்வி பாசத்தால் அடங்குவதில்லை. அமெரிக்காவில் பூர்வகுடிப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக வெளியார் வீடுகளில் வைத்த பிறகுதான், உறவுக்கும் குலத்துக்குமே முதலிடம் என்று 1978இல் சட்டம் வந்தது. 2023இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. ஆகவே அந்தச் சின்னவனுக்குச் சொந்தத்தில் வளர்க்க ஆள் இருக்கிறதா என்று முதலில் கேள். இருந்தால் நீங்கள் ஒதுங்கிவிடவேண்டும். இல்லையென்றால், ஒரே இனத்து வீடு வரட்டும் என்று அவனை ஒரு நாளும் காக்க வைக்கக்கூடாது.

நம் ஒழுங்கையில் இருந்த பெரியம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும். அவருடைய மகன் சிங்களத் தாய்க்குப் பிறந்தவன் என்பது உனக்குத் தெரிந்திருக்காது. கூட வேலை செய்த பெண் இறந்துபோக, கைக்குழந்தையைத் தூக்கி வந்தவர் அவர். ஊரில் இனத்தைக் கேட்டு ஆளை மறித்த காலம் அது. அந்தத் தாயின் அடையாள அட்டையைப் பொலித்தீனில் சுற்றி அலுமாரியில் வைத்திருந்தார். பொடியனுக்கு விபரம் தெரிந்த நாளிலிருந்து அதை எடுத்துக் காட்டுவார். போயா நாளில் விகாரைக்குக் கூட்டிப் போவார், தனக்கு ஒரு எழுத்தும் தெரியாத சிங்களத்தை அவனுக்கு ஆள் வைத்துப் படிப்பித்தார். பள்ளிக்கூடத்தில் ஒருத்தன், நீ அவவின் பிள்ளை இல்லை என்று குத்திக் காட்டினானாம். இவன் வீட்டில் வந்து அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான் என்று பெரியம்மா சொல்வார். கிண்ணியாவில் முஸ்லிம் ஆட்களும் அநாதைப் பிள்ளையை எடுத்து எவ்வளவு செல்லமாக வளர்த்தாலும் பெற்ற தகப்பனின் பெயரை மாற்ற மாட்டார்கள். அது அவர்களுடைய மார்க்கச் சட்டம். எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

இங்கே நம் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், மகள். கலியாண வீட்டில் யாராவது அவனைக் 'காப்பிலி' என்று, கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்லால், சொல்லத்தான் போகிறார்கள், அதுவும் சிரித்துக்கொண்டு. தெருவில் பொலிஸ் அவனைப் பார்க்கிற பார்வையும் உங்களைப் பார்க்கிற பார்வையாக இராது. பிள்ளை என்றால் பிள்ளைதான் என்று அன்றைக்கு நீ சொன்னால் அவனுக்கு என்ன பிரயோசனம்? சொன்னவரை எழுப்பி அனுப்ப மருமகனுக்குத் துணிவு வேண்டும். அது தன் சொந்த அண்ணனாக இருந்தாலும்தான். சித்தப்பா வீட்டுக்கு நான் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அவனுடைய தலைமுடிக்கு எண்ணெய் வைக்கிற முறை வேறு, சீவுகிற முறையும் வேறு. யூடியூப்பில் பார்த்தால் போதாது, கானாக்காரப் பெண் ஒருத்தியோடு பழகி, பக்கத்தில் இருந்து பழகிக்கொள். அவனுக்குத் தமிழ் பேசப் பழக்கு, அம்மம்மாவோடு பேச வேண்டாமா? ஆனால் அவனுடைய பெயரை மாற்றாதே.

வெள்ளிக்கிழமை மருமகனோடு நானே பேசுகிறேன். அதற்கு முன் அந்த சோசல் வேர்க்கரிடம் கேட்டு வை: தாய் வீட்டார் என்ன மொழி பேசுவார்கள், வருடத்துக்கு ஒரு தடவையாவது அவர்களுக்குக் கடிதமும் படமும் அனுப்ப விடுவார்களா, தாயின் படம் ஒன்று கிடைக்குமா?

அன்புடன்,
அம்மா