அரம் மழுங்கிய பிறகு

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிகிறதா என்று கேட்டிருந்தாய். தெரியவில்லை. காலையில் தேநீரோடு அறைக்குள் போனால், "வாருங்கள், சாப்பிட்டீர்களா?" என்று விருந்தாளியைக் கேட்பது போலக் கேட்கிறாள். பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பையோடு வாசலில் நிற்கிறாள். அவள் சொல்லும் வீடு இதே டர்பனில், கேட்டோ மேனர்ப் பகுதியில் இருந்தது. நிறவெறி ஆட்சியின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி நம்மவர்களை அங்கிருந்து கிளப்பினார்களே, அப்போது இடிக்கப்பட்ட வீடு. அந்த வாசல் மாமரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று இன்றும் சொல்கிறாள். என் பெயர்தான் அவளுக்கு வரவில்லை.

நினைவு பின்னோக்கி எட்டும் தூரம்வரைதான் ஒருவர் அதே ஆள் என்று ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1694இல் எழுதியதை நீ சுட்டியிருந்தாய். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. பிறகுதான் ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் தாமஸ் ரீட் 1785இல் அதை மறுத்தது நினைவுக்கு வந்தது. பழத்தோட்டத்தில் திருடி அடிபட்ட சிறுவன் படை அதிகாரியாகிறான். பட்ட அடி அவனுக்கு நினைவிருக்கிறது. முதுமையில் தளபதியானபோது அதிகாரியாக இருந்தது நினைவிருக்கிறது, அடி மறந்துவிட்டது. லாக்கின் கணக்கில் சிறுவனும் அதிகாரியும் ஒருவர், அதிகாரியும் தளபதியும் ஒருவர், சிறுவனும் தளபதியும் மட்டும் வேறு வேறு! அம்மாவிடம் மறதி நடுவில் விழுந்திருக்கிறது. கேட்டோ மேனர்ச் சிறுமி இருக்கிறாள், இந்தக் கிழவி இருக்கிறாள், என்னை வளர்த்தவளைக் காணோம். ஆனால் அந்த மாமரத்தின் கதையைச் சொல்லித்தான் என்னை வளர்த்தாள். மூவரும் ஒருத்தியே என்பதை நிரூபிக்க எனக்கு எந்தத் தத்துவமும் வேண்டாம்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் சூலு இனத்து அம்மையார் அவளைக் 'கோகோ', பாட்டி, என்றுதான் அழைக்கிறார். 'உமுந்து ங்குமுந்து ங்காபாந்து', மனிதர் மனிதரால்தான் மனிதர் என்பது அவர்கள் மொழி. அம்மா மறந்ததை நாங்கள் அவளுக்காக வைத்திருக்கிறோம் என்ற அளவில் அது எனக்கு ஆறுதல். ஆனால் நைஜீரியத் தத்துவ அறிஞர் மென்கிட்டி 1984இல் இதை வேறு பக்கம் கொண்டுபோனார்: ஆள் என்ற தகுதி பிறப்பில் வருவதில்லை, சமூகத்துக்குள் வாழ்ந்து அடைய வேண்டியது, அடையாமலும் போகலாம். இங்கே நான் அவரோடு மல்லுக்கு நிற்கிறேன். அடையக்கூடியது என்றால் அளப்பவர் ஒருவர் வேண்டும். 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே இறங்கிய நம் முன்னோருக்கு ஆளுக்கோர் எண் கொடுத்து, உயரத்தையும் உடல் தழும்பையும் பதிவேட்டில் எழுதியவர்களும் அளந்தவர்கள்தான்.

1995இல் நம் அரசமைப்பு நீதிமன்றம் மரண தண்டனையை ஒழித்தபோது, நீதிபதிகள் பலர் 'உபுந்து' என்னும் அதே கருத்தை, மனிதர் மனிதரால்தான் மனிதர் என்பதை, எடுத்துப் பேசினார்கள். கொலை செய்தவனுக்கும் மனித மாண்பு போய்விடுவதில்லை என்றார்கள். அவனுக்கே போகாதது அம்மாவுக்கு எப்படிப் போகும்?

நாம் தமிழ் வகுப்பில் சேர்ந்து படித்த குறள் இப்போது வேறு மாதிரி கேட்கிறது: "அரம்போலும் கூர்மைய ரேனும் மரம்போல்வர் மக்கட்பண் பில்லா தவர்." கூர்மை இருந்து பண்பு இல்லாதவரை வள்ளுவர் மரம் என்று சொல்லவில்லை, மரம் போல்வர் என்கிறார், அந்தப் 'போல்' எவ்வளவு கருணையான சொல் என்று இத்தனை ஆண்டு கழித்துத்தான் தெரிகிறது. அம்மாவோ அந்தக் குறளின் மறுபக்கம். அரம் மழுங்கிவிட்டது. யார் படியேறினாலும், மின்கட்டணத்துக்கு அளவு எடுக்க வந்தவரானாலும், சாப்பிட்டீர்களா என்று கேட்காமல் விடுவதில்லை. அந்தக் கேள்வியும் ஒருநாள் நின்றுபோகும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அப்போதும் தேநீரை நான் கொண்டுபோவேன், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன்.

காவடிக்கு நீ லெனேசியாவிலிருந்து வருவதாக எழுதியிருக்கிறாய். கட்டாயம் வா. உன் அக்காவிடம் கேட்டோ மேனர்த் தெருப்படம் ஒன்று உண்டு அல்லவா? அதை எடுத்து வா. மாமரம் அதில் விழுந்திருக்கிறதா என்று அம்மாவிடமே காட்டிக் கேட்போம்.

உன் பழைய நண்பன்