கெட்ட செய்தியை மறைக்காமல் கொண்டுவந்தவர்களுக்கு

அன்புடையீர்,

நீர்த்தரம், கழிவுநீர் மேலாண்மைத் திட்டத்தின் இயக்குநர் பொறுப்பை இந்த மாதக் கடைசியில் ஒப்படைக்கிறேன். 9 ஆண்டுகள் ஓடிவிட்டன. வழியனுப்பு நிகழ்ச்சியில் பேச எனக்குக் கிடைத்தது 10 நிமிடம். யார் யாருக்கு நன்றி சொல்ல நினைத்தேனோ, அவர்களில் பாதிப் பேர் அந்த அரங்கிலேயே இல்லை. ஒருவர் பம்பு நிலையத்தில் இரவு ஷிப்டில் இருந்தார். இன்னொருவர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாதிரி எடுக்கப் போயிருந்தார். அதனால் எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இயக்குநரின் மேசைக்குத் தண்ணீர் வராது, எண்கள்தான் வரும். எஞ்சிய குளோரின் எவ்வளவு, கலங்கல் எவ்வளவு, வெளியேறும் நீரின் பிஓடி (அதிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) எவ்வளவு என்று தாளில் இருப்பதை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறோம். அந்த எண் பொய்யென்றால் அதை வைத்து எடுக்கிற முடிவும் பொய்யாகிவிடும். இத்தனை ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த பெரிய உதவி எது என்று யாராவது கேட்டால், மோசமான எண்ணைத் திருத்தாமல் அப்படியே கொண்டுவந்து கொடுத்தவர்களைத்தான் சொல்வேன்.

முதலில் ஆய்வகத்தில் இருந்த அந்தச் சகோதரிக்கு. நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டு. அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு குடிநீர் மாதிரியில் ஈ.கோலி வளர்ந்திருந்தது; தண்ணீரில் மலம் கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா அது. 100 மில்லி குடிநீரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது. "மறுபடி ஒரு மாதிரி எடுத்துவிட்டு இதை விட்டுவிடுங்கள்" என்று தொலைபேசியில் ஒரு குரல் சொன்னது. நான் தயங்கினேன், உண்மை அதுதான். அவர் என் மேசைக்கு எதிரே நின்று, "மறுபடி எடுக்கலாம் சார். ஆனா இதை அழிக்க முடியாது. ரெண்டுமே பதிவுல இருக்கணும்" என்றார். குழாய் வாயைச் சுடரில் காட்டினார்களா, தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார்களா, வழியிலேயே குளோரின் கிருமிகளைக் கொன்றுவிடாமல் இருக்க பாட்டிலில் தயோசல்பேட் போட்டிருந்தார்களா என்று எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார். அந்த மாதிரியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரி என்று ஆட்களை அனுப்பினோம். குழாயின் கடைக்கோடியில்கூட லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். அங்கே சோதனை மருந்தைப் போட்டுக் குலுக்கியும், குளோரின் இருந்தால் வர வேண்டிய இளஞ்சிவப்பு வரவே இல்லை. குளோரின் செலுத்தும் சின்ன பம்பு ஒன்று 2 நாளாக நின்றுபோயிருந்தது. அந்த எண்ணை அழித்திருந்தால் பம்பு நின்றது எத்தனை நாள் கழித்துத் தெரிந்திருக்கும், அதற்குள் எத்தனை பிள்ளைகள் படுத்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. சகோதரி, அன்று உங்களுக்கு நான் வாய்விட்டு நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அடுத்து, புகார் எண்ணுக்கு நாள் தவறாமல் கூப்பிட்ட அந்த அம்மாவுக்கு. தண்ணீர் திறந்துவிட்ட முதல் 5 நிமிடம் கலங்கலாக வருகிறது, வாடையும் அடிக்கிறது என்பார். எங்கள் ஆட்கள் போய்ச் சேரும்போது தெளிந்துவிட்டிருக்கும். பதிவேட்டில் 'புகாரில் உண்மை இல்லை' என்று 3 முறை எழுதிவிட்டோம். நான்காவது முறை நானே போனேன். சமையலறைத் திட்டில் 6 கண்ணாடி பாட்டில்களை வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் தாள் ஒட்டி, தேதி, நேரம், எத்தனையாவது நிமிடத்தில் பிடித்தது என்று எழுதியிருந்தார். முதல் பாட்டிலின் அடியில் கறுப்பாக ஒரு விரல் கனத்துக்கு வண்டல். ஆறாவது பாட்டிலைப் பார்த்தால் பளிங்கு மாதிரி இருந்தது.

தண்ணீர் விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. மூட்டில் ஓட்டை இருந்தால் சுற்றியுள்ள மண்ணில் தேங்கியது உள்ளே இறங்கிவிடும். மறுபடி திறக்கும்போது முதலில் வருவது அதுதான். தோண்டிப் பார்த்தோம். குடிநீர்க் குழாயின் மூட்டு அரித்துப்போயிருந்தது, ஒரு முழம் தள்ளிக் கழிவுநீர்க் குழாய் கசிந்துகொண்டிருந்தது. ஆய்வகம் கண்டுபிடிக்காததை அந்த 6 பாட்டில்கள் காட்டிக் கொடுத்தன. அம்மா, நாங்கள் 3 முறை எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான்காவது முறையும் கூப்பிட்டதற்குக் கோடி நன்றி.

சுத்திகரிப்பு நிலையத்து ஆபரேட்டர் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர். பிஓடி சோதனைக்கு 20 டிகிரியில் 5 நாள் காத்திருக்க வேண்டும். முடிவு வரும்போது அந்தத் தண்ணீர் ஆற்றோடு போய் 5 நாள் ஆகியிருக்கும். அதனால் அவர் தாளை நம்பி உட்கார்ந்திருக்க மாட்டார். காலையில் காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் மொண்டு, கோடு போட்ட கண்ணாடி உருளையில் ஊற்றி, ஜன்னலோரம் வைத்து 30 நிமிடம் பார்ப்பார். சேறு 250, 300 கோட்டுக்கு இறங்கி மேலே தண்ணீர் தெளிந்து நின்றால் முகம் மலரும். 800-இலேயே பஞ்சுபோல் தொங்கிக்கொண்டிருந்தால் உடனே என்னைக் கூப்பிடுவார். "சார், சேறு ஊதுது. இன்னும் ரெண்டு நாள்ல தொட்டி தாண்டி வெளியே போயிடும்."

1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர், காற்றூட்டிய சேற்றால் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இந்த முறையை உலகுக்குச் சொன்னபோது, அவர்களும் கண்ணாடிப் புட்டிகளில்தான் தொடங்கினார்கள். தெளிந்த நீரை ஊற்றிவிட்டு, அடியில் படிந்த சேற்றை எறியாமல் அடுத்த கழிவுநீருக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். வேலை செய்யும் நுண்ணுயிர் எல்லாம் அந்தச் சேற்றில்தான் இருக்கிறது. அண்ணன் இந்த வரலாற்றைப் படித்தவரில்லை. ஆனால் அந்தச் சேற்றை உயிருள்ள ஒன்றாகத்தான் நடத்துவார். ஒருமுறை நள்ளிரவில் மின்சாரம் போய் ஊதுகாற்று நின்றது. ஜெனரேட்டரும் மக்கர் செய்தது. "காத்து இல்லாம அது செத்துடும் சார்" என்று அவர் சொன்னபோது குரல் கம்மியிருந்தது. விடியும்வரை மெக்கானிக்கோடு நின்று ஜெனரேட்டரை ஓடவைத்தார். மறுநாள் அவருக்கு விடுப்பு. இருந்தும் உருளையைப் பார்க்க வந்துவிட்டார்.

பாதாளச் சாக்கடைப் பராமரிப்புக் குழுவில் இருந்த தம்பிக்கு ஒரு வார்த்தை. அடைப்பு ஏற்பட்டுத் தெருவெல்லாம் கழிவுநீர். எல்லோரும் அவசரப்படுத்துகிறோம். "உள்ளே இப்போ வாடையே இல்லை, இறங்கலாம்" என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். நீங்கள் இறங்க மாட்டேன் என்றீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருக்கும்போதுதான் அழுகிய முட்டை வாடை அடிக்கும். 100 பிபிஎம்மை (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கை) தாண்டினால் மூக்கே மரத்துப்போகும், வாடை தெரியாமல் போய்விடும். வாயு அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கியதும் அது அலறிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இயந்திரத்தை வரவழைத்து மேலிருந்தே அடைப்பை எடுத்தோம், 4 மணி நேரம் தாமதம். அன்றைக்கே 'ஆள் இறங்கக் கூடாது' என்று எழுத்தில் ஆணை போட்டேன். அதற்குக் காரணம் நீங்கள் சொன்ன மறுப்புதான் தம்பி.

வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களே, எந்தத் தெருவில் வயிற்றுப்போக்கு என்று எங்கள் கணினிக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். 1854-இல் லண்டனில் காலரா வந்தபோது, அது தண்ணீர் வழியாகத்தான் பரவுகிறது என்று காட்ட ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வரைந்த வரைபடத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அந்தப் பகுதியில் வீடு வீடாக விசாரித்து, தொற்று எந்தக் குழந்தையிலிருந்து தொடங்கியது என்று கண்டுபிடித்தவர் ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார். ஸ்னோ சொல்வது தவறு என்று காட்டத்தான் முதலில் கிளம்பினார். கிடைத்த தகவல் அவரை மாற்றிவிட்டது. மக்களைப் பெயர் சொல்லித் தெரிந்த ஒருவர் கூடவே இருந்தது எவ்வளவு பெரிய பலம் என்று உங்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

கணக்குப் பிரிவு, ஓட்டுநர்கள், ஒப்பந்தப் பொறியாளர்கள், வகுப்பறைக்குள் எங்களை விட்ட ஆசிரியர்கள் எல்லோருக்கும் என் வணக்கம். பழுதுபார்க்கும் செலவைப் புதிய கட்டடத்துக்கு மாற்றக் கூடாது என்று ஒவ்வோர் ஆண்டும் என்னோடு நின்று வாதாடிய நிதி அதிகாரிக்குத் தனியாக ஒரு நன்றி. திறப்பு விழா நடத்த முடியாத செலவுக்குப் பணம் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பது அவருக்கும் எனக்கும் தெரியும்.

கோப்புகள், சாவிகள், வரைபடங்கள் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டேன். அப்புறம், புதிதாக வருபவரிடம் ஒரு சின்ன நோட்டும் கொடுத்திருக்கிறேன். அதில் உங்கள் தொலைபேசி எண்கள் இருக்கின்றன. முதல் பக்கத்தில் அந்த பாட்டில் அம்மாவின் எண். எந்நேரமானாலும் கூப்பிடுங்கள், எடுக்கிறேன் என்று புதிதாக வருபவரும் சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
உங்கள் இயக்குநர்