டப்பாவைப் பார்க்காதே, சிப்பைப் பார்

திருச்சி

அன்புள்ள முருகேசா,

உன் மின்னஞ்சல் வந்தது. பாதி வீட்டுச் சேதி, பாதி வைஃபைப் புலம்பல். வீட்டுச் சேதியிலிருந்தே தொடங்குகிறேன். மூத்தவளுக்குக் காரைக்குடியிலேயே வேலை அமைந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். அப்பா கண் ஆபரேஷன் முடிந்து மறுபடி பேப்பர் படிக்க உட்கார்ந்துவிட்டார் என்றாய். இனி தலையங்கத்துக்குத் தலையங்கம் உன்னிடம் வாதம் செய்வார், தயாராக இரு. கீழே கடையை வாடகைக்கு விட்டுவிட்டு டிடிபி வேலையை மாடிக்குக் கொண்டுபோனதும் நல்ல முடிவுதான். பத்திரிகை, விசிட்டிங் கார்டையெல்லாம் இப்போது ஜனங்கள் ஃபோனிலேயே முடித்துக்கொள்கிறார்கள். உன்னிடம் மிஞ்சியிருப்பது புத்தக வேலையும் கும்பாபிஷேக மலரும். அதற்குத் தெருவைப் பார்த்த கடை எதற்கு?

இங்கே எல்லாம் வழக்கம்போல. கல்லூரி ஆய்வகத்தில் செய்முறைத் தேர்வு நெருங்குகிறது. பையன் பன்னிரண்டாவது என்பதால் வீட்டில் டிவிகூடச் சத்தமில்லாமல்தான் ஓடுகிறது.

இனி உன் டாங்கிள், அதாவது யூஎஸ்பியில் சொருகும் அந்த வைஃபைக் குச்சி. "டப்பாவில் லினக்ஸ் என்று அச்சடித்திருக்கிறான், சொருகினால் ஒன்றும் வரவில்லை" என்று எழுதியிருந்தாய். டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் எனக்கு அக்கறையில்லை. இந்தச் சரக்கில் ஒரே பெயர், ஒரே மாடல் எண்ணை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் சிப்பை மட்டும் வருடத்துக்கு ஒன்றாக மாற்றுவார்கள். விண்டோஸுக்குப் பதிலாக நீ ஓட்டும் லினக்ஸ் பேசுவது அந்தச் சிப்போடுதான், டப்பாவோடு அல்ல. அதனால்தான் சொருகியிருக்கும் யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை ஓட்டிப் படம் அனுப்பச் சொன்னேன். (கட்டளைகளை எழுத்துப் பிசகாமல் அடிக்க வேண்டும். அதனால் எல்லாவற்றையும் தனியாக ஒரு டெக்ஸ்ட் கோப்பில் போட்டு இணைத்திருக்கிறேன். இங்கே பெயரைத் தமிழில் சொல்லிக்கொண்டு போகிறேன், அங்கே பார்த்து அடி.)

உன் படத்தில் ஒரு வரியில் 0பிடிஏ:1ஏ2பி என்று ஓர் எண்ணும், பக்கத்தில் 'டிஸ்க்' என்றும் இருக்கிறது. எண்ணின் முன்பாதி சிப் செய்தவரைக் குறிக்கும். 0பிடிஏ என்றால் ரியல்டெக். பின்பாதி என்ன சாதனம் என்பதைச் சொல்லும். வைஃபை வாங்கிய இடத்தில் டிஸ்க் எங்கிருந்து வந்தது? பதில் உன் அஞ்சலின் கடைசி வரியிலேயே இருக்கிறது. டெஸ்க்டாப்பில் ஒரு சிடி படம் தானாக முளைத்திருக்கிறது, வைரஸா என்று போகிற போக்கில் கேட்டிருந்தாயே, வைரஸ் இல்லையடா. அதுதான் உன் வைஃபை.

அந்த டாங்கிளுக்குள் கொஞ்சம் சேமிப்பிடம் இருக்கிறது. விண்டோஸுக்கான டிரைவரை (சாதனத்தை இயக்கும் நிரலை) அதில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். சொருகினதும் அது தன்னை ஒரு சிடி டிரைவ் என்று அறிமுகம் செய்துகொள்ளும். விண்டோஸில் அந்தச் சிடியிலிருந்து டிரைவர் நிறுவப்பட்டதும், சிடி வேடத்தைக் கலைத்துவிட்டு வைஃபையாக வந்து நிற்கும். சிடி டிரைவே இல்லாத கணினிகள் பெருகிவிட்டதால் வாங்குகிறவர்களுக்கு இது வசதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. லினக்ஸில் அந்த விண்டோஸ் நிரலை ஓட்ட ஆளில்லை. ஆகவே உன் டாங்கிள் சொருகின நாளிலிருந்து சிடி வேடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

வேடத்தைக் கலைப்பது சுலபம். அந்தச் சிடி படத்தின் மேல் வலது சொடுக்கி 'எஜெக்ட்' கொடு. ஒரு மூச்சு விட்டுவிட்டு எல்எஸ்யூஎஸ்பியை மறுபடி ஓட்டு. டிஸ்க் என்ற வரி மறைந்து, 0பிடிஏ:சி811 என்றோ அதைப் போலவோ ஓர் எண்ணும், பக்கத்தில் 802.11ஏசி என்று வைஃபைத் தரத்தின் பெயரும் வந்தால் ஆள் வெளியே வந்துவிட்டான் என்று அர்த்தம். எஜெக்டுக்கு மசியவில்லை என்றால் யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரல் இதற்கென்றே இருக்கிறது, அதன் வரியும் கோப்பில் உண்டு. கணினியை அணைத்துப் போட்டால் மறுபடி சிடியாகிவிடும். ஒவ்வொரு நாளும் எஜெக்ட் செய்துகொண்டிருக்க முடியாதே, அதனால் சொருகினதும் தானாக மாற்றிவிட யூடெவ் விதி ஒன்றையும் எழுதிவைத்திருக்கிறேன்.

எண் மாறியும் நெட்வொர்க் பட்டியலில் ஒன்றும் வராமல் போகலாம். நீ வைத்திருப்பது மின்ட் 21 என்ற லினக்ஸ் பதிப்பு. அதன் கெர்னல், அதாவது வன்பொருளோடு பேசும் மையப்பகுதி, 5.15. சி811 என்பது 8811சியு சிப். யூஎஸ்பியில் வரும் இந்த ரகச் சிப்புகளுக்கான டிரைவர் கெர்னலுக்குள் சேர்ந்ததே 6.2 பதிப்பில், 2023 பிப்ரவரியில்தான். உன் கெர்னல் அதற்கு முந்தையது. அதற்கு இந்தச் சிப்பைத் தெரியாது.

இங்கேதான் நீ இணையத்தில் தேடி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்திலிருந்து யாரோ வைத்திருக்கும் டிரைவரை இறக்கி, அங்கே போட்டிருக்கும் வரிகளை ஒவ்வொன்றாக ஒட்டப் போவாய். உன்னை எனக்குத் தெரியும். வேண்டாம் என்கிறேன். அந்த டிரைவர்கள் மோசமானவை என்று இல்லை, பலதும் நன்றாகவே ஓடும். ஆனால் கெர்னலுக்கு வெளியே வாழும் டிரைவரைக் கெர்னல் மாறும்போதெல்லாம் புதிதாகத் தொகுக்க (கம்பைல் செய்ய) வேண்டும். டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அதைத் தானாகச் செய்யும். என்றைக்காவது கெர்னலின் உள்ளமைப்பு மாறிவிட்டால் தொகுப்பு தோற்றுவிடும், மலரை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய காலையில் உனக்கு வைஃபை இருக்காது. போதாக்குறைக்கு உன் கணினியில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாடு இயங்கிக்கொண்டிருந்தால், கையொப்பமில்லாத அந்த டிரைவரைக் கெர்னல் உள்ளேயே விடாது. பிழைச் செய்தியும் சாவி நிராகரிக்கப்பட்டது என்ற ரீதியில் வருமே தவிர, வைஃபை என்ற பேச்சே அதில் இருக்காது. எத்தனை பேர் அதைப் படித்துவிட்டு வைஃபை பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறார்களோ!

அதைவிட மின்டின் அப்டேட் மேனேஜரைத் திற. 'வியூ' மெனுவில் லினக்ஸ் கெர்னல்கள் என்று ஒரு வரி இருக்கும். அதில் 6.8ஐத் தேர்ந்தெடுத்து நிறுவிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கு. பழைய கெர்னல் அழியாது. ஏதாவது கோளாறென்றால் தொடங்கும்போது வரும் பட்டியலிலிருந்து அதையே எடுத்துக்கொள்ளலாம். வைஃபையே இல்லாமல் கெர்னலை எப்படி இறக்குவது என்று கேட்பாய். ஃபோனை யூஎஸ்பி வயரில் மாட்டி, அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கு. உன் மின்ட் அதை ஒரு கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும், டிரைவர் எதுவும் கேட்காது.

இவ்வளவு நீளமாக எழுதக் காரணம், நீ இதுவரை முயன்ற வைத்தியங்களின் பட்டியல். நெட்வொர்க் மேனேஜரை நீக்கி மறுபடி நிறுவியிருக்கிறாய். டிஎன்எஸ்ஸை மாற்றியிருக்கிறாய். ஐபிவி6ஐ அணைத்திருக்கிறாய். குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் முதலில் மேல்தொட்டியில் ஏறிப் பார்ப்போம், குழாயைக் கழற்ற மாட்டோம். இதுவும் அப்படித்தான். சாதனம் கணினிக்குத் தெரிகிறதா என்பது முதல் கேள்வி. தெரிந்தால் அதற்கு டிரைவர் ஒட்டியிருக்கிறதா. ஒட்டியிருந்தால் சிப்புக்குள் ஏற வேண்டிய ஃபர்ம்வேர் என்ற உள்நிரல் ஏறியதா. அதற்குக் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையின் பதிலைப் படி, கோப்பு கிடைக்கவில்லை என்று பெயரோடு சொல்லிவிடும். டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பில் இந்தத் தொல்லை வெகுகாலம் இருந்தது. திறந்த மூலம் அல்லாத ஃபர்ம்வேரை நிறுவல் வட்டில் சேர்ப்பதா என்று 2022இல் வாக்கெடுத்து, 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல்தான் சேர்த்தார்கள். அதெல்லாம் சரியென்றால் ஆர்எஃப்கில் ஓட்டி ரேடியோ பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார். இத்தனையும் தாண்டிய பிறகுதான் ரௌட்டர், பாஸ்வேர்ட், டிஎன்எஸ் எல்லாம். நீ கடைசிப் படியிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தாய்.

எங்கள் ஆய்வகத்தில் போன மாதம் நடந்ததைக் கேள். மாணவர்களின் ஃபோனுக்கெல்லாம் வைஃபை தெரிகிறது, சில கணினிகளின் பட்டியலில் மட்டும் அந்தப் பெயரே இல்லை. அதே கணினிகளில் பக்கத்துத் துறையின் வைஃபை பளிச்சென்று தெரிகிறது! ஆகவே டிரைவர், ஃபர்ம்வேர் எல்லாம் சரி. ஐடபிள்யூ கட்டளையில் எந்த நாட்டு அலைவரிசை விதியில் ஓடுகிறது என்று கேட்டால் அமெரிக்கா என்று பதில். ரௌட்டரோ தன்னிச்சையாக 13ஆம் சேனலுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 13 வரை போகலாம், அமெரிக்க விதியில் ஓடும் வைஃபை அட்டை 11க்கு மேல் எட்டிப் பார்க்காது. நாட்டை இந்தியா என்று மாற்றலாம், ஆனால் சில அட்டைகளுக்கு நாடு உள்ளேயே எழுதப்பட்டிருக்கும், நாம் சொல்வதைக் கேட்காது. ரௌட்டரை 6ஆம் சேனலில் நிறுத்தினோம், எல்லாக் கணினிக்கும் தெரிந்துவிட்டது. உன் ரௌட்டரையும் 1, 6, 11 இதில் ஒன்றில் நிறுத்திவை.

இணைப்பு வந்த பிறகு விட்டு விட்டுப் போனால் இரண்டு விஷயங்களைச் சந்தேகப்படு. ஒன்று, மின்சிக்கனம். அட்டை இடையிடையே கண்ணயரும். மடிக்கணினிக்குச் சரி, எப்போதும் கரண்டில் ஓடும் உன் டெஸ்க்டாப்புக்கு எதற்கு? அணைத்துவிடு, வரி கோப்பில் இருக்கிறது. இன்னொன்று, டாங்கிளைச் சொருகும் இடம். நீலநிற யூஎஸ்பி 3 துளையில், வெளி ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்தில் சொருகாதே. யூஎஸ்பி 3 இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் போய் விழுகிறது என்று இன்டெலே 2012இல் விளக்கமாக ஓர் அறிக்கை வெளியிட்டது. உன் சிபியூ மேசைக்கடியில், அதற்குப் பின்னால் இரும்பு பீரோ. ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கி டாங்கிளை மேசை மேல் வை. சிக்னல் அளவு பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் கூடும். மைனஸ் 80 டிபிஎம் காட்டிய இடத்தில் மைனஸ் 65 வந்தாலே நீ வேறு ஊரில் இருப்பதுபோல உணர்வாய். 10 டிபி கூடினால் பத்து மடங்கு பலம்.

அந்தக் காலத்தில் ஒரு மடிக்கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி டிரைவரை என்டிஐஎஸ்ராப்பர் போட்டு லினக்ஸில் ஓடவைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? விண்டோஸுக்குள் இருப்பதாக அந்த டிரைவரை நம்பவைக்கிற வித்தை. பாஸ்வேர்ட் இல்லாத வைஃபையில் மட்டும் இணையும், அதுவும் நாம் அசையாமல் இருந்தால். 2007இல் 2.6.22 கெர்னலில் மேக்80211 என்று வைஃபை டிரைவர்களுக்கான பொது அடித்தளம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அடுத்த வருடம் ஏத்தராஸ் நிறுவனத்தின் சிப்புகளுக்கான ஏத்9கே டிரைவர் வந்தது, 2010 செப்டம்பரில் இன்னொரு சிப் நிறுவனமான பிராட்காமும் திறந்த மூல டிரைவரை வெளியிட்டது. இப்போதைய பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள்.

இந்த டாங்கிள் எதற்கும் மசியவில்லையென்றால் காசைத் தொலைத்ததாக நினைத்து வேறொன்று வாங்கு. யூஎஸ்பியிலேயே வேண்டுமானால் மீடியாடெக் எம்டி7612யூ சிப் உள்ளதாகப் பார். 2018இல் வந்த 4.19 கெர்னலிலேயே அதற்கு டிரைவர் இருக்கிறது. என்னைக் கேட்டால் உன் சிபியூவில் பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை காலியாக இருக்கிறதே, இன்டெல் ஏஎக்ஸ்200 பொருத்திய அட்டையை அதில் போட்டு ஆன்டெனாவை மேலே நிறுத்து. விலை குறைவு என்று ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 வாங்கிவிடாதே. பார்க்க அச்சு அசலாக இருக்கும், ஆனால் அவற்றின் பாதி மூளை இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கிறது. உன் ஏஎம்டி போர்டில் அது வெறும் தகடு.

கெர்னல் ஏற்றிய பிறகும் வரவில்லையென்றால் டிமெஸ்ஜி பதிலை அனுப்பு. படமாக வேண்டாம், எழுத்தாக அனுப்பு. உன் ஃபோன் கேமரா எட்டையும் பூஜ்யத்தையும் ஒன்றாக்கிவிடுகிறது.

பக்க வடிவமைப்பு நிரலான ஸ்கிரைபஸ் 1.6இல் தமிழ் எழுத்து உடையாமல் வருகிறது என்று எழுதியிருந்தாய், பழைய பேஜ்மேக்கர் கோப்புகளில் இருப்பதை என்ன செய்தாய் என்று சொல்லவில்லையே? எங்கள் துறை மலர் இருபது வருடம் அந்தப் பழைய எழுத்துருவில் கிடக்கிறது, மாற்றித்தர ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். உனக்கு நேரமிருந்தால் பேசிவைக்கிறேன். கூலியை நீயே சொல், நான் குறைத்துப் பேச மாட்டேன்.

பையன் பரீட்சை முடிந்ததும் குடும்பத்தோடு ஒரு நடை வருகிறோம். தங்கச்சியிடம் சொல்லிவை. அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்